பவளத்தைத் தின்னும் முள்முடி

விடுமுறைக்குத் தியோமான் தீவுக்குப் போகிறீர்களா? அங்கே கடலடியில் காணும் பவளம் கல்லல்ல, செடியுமல்ல; உயிருள்ள பிராணி! அதற்கும் ஒரு பகை உண்டு. அதுதான் முள்முடி நட்சத்திர மீன். தன் இரைப்பையையே வெளியே தள்ளிப் பவளத்தின் மேல் விரித்து, சதையைக் கரைத்து உறிஞ்சிவிடும். மிஞ்சுவது வெள்ளை எலும்புக்கூடுதான்.

சில இருந்தால் கேடில்லை, பெருகினால்தான் ஆபத்து. அப்போது முக்குளிப்பவர்கள் இடுக்கியால் பொறுக்கிக் கரையேற்றுவார்கள். நம் அடுப்படி வினிகரை ஊசியால் ஏற்றினாலும் 2 நாளில் சாகும் என்று ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் அறிவித்தார்கள்.

பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், முள்ளில் நஞ்சுண்டு. கண்டால் படகுக்காரரிடம் சொல்லுங்கள். இந்த மீனையே தின்னும் டிரைட்டன் சங்கை அலங்காரத்துக்கு வாங்காதீர்கள். காவல்காரனை விற்றுவிட்டால் தோட்டம் ஏது?