உஷார்! உள்ளங்கை அளவு நாய்க்குட்டியை மற்ற நாய்களோடு பழக விடும் முன்...

"ஒண்ணும் பண்ணாது சார், விளையாடத்தான் வருது!"

அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரையில் மாலை நேரத்தில் இந்தக் குரல் கேட்டால், பதில் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் உங்கள் குட்டியைத் தூக்குங்கள். ஓடிவரும் 30 கிலோ லாப்ரடார் உண்மையிலேயே விளையாடத்தான் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றரைக் கிலோ சிவாவா குட்டியின் மேல் அது ஆசையாக ஒரு காலை வைத்தாலே எலும்பு முறியலாம். சிவாவா, டாய் பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற மிகச் சிறிய இனங்களின் முன்னங்கால் எலும்பு அவ்வளவு மெல்லியது. சோபாவிலிருந்து குதித்தே காலை முறித்துக்கொள்ளும் குட்டிகள் உண்டு. சிவாவா குட்டிகள் பலவற்றுக்கு உச்சந்தலையில் எலும்பு மூடாத இடம் ஒன்று இருக்கும். அங்கே பலமாக அடிபட்டால் உயிருக்கே ஆபத்து.

ஃபிளாட் வாழ்க்கைக்குத் தோது என்று இந்தச் சின்னஞ்சிறு இனங்களைத் தேடி வாங்குகிறோம். வாங்கிய வாரமே, "நாலு நாயோட பழகினாத்தான் நல்லா வளரும்" என்று யாரோ சொல்ல, தெருவுக்கும் பார்க்குக்கும் கூட்டிப் போகிறோம். அல்லது, "எல்லா ஊசியும் முடியற வரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாது" என்று இன்னொருவர் சொல்ல, நாலு மாதம் ஓர் அறைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். முதல் யோசனை குட்டியின் உயிரைப் பறிக்கலாம். இரண்டாவது, ஆயுசு முழுக்க எதைப் பார்த்தாலும் நடுங்கிக் குரைக்கிற, பயத்தில் கடிக்கிற நாயாக அதை ஆக்கலாம். இரண்டையுமே கேட்காதீர்கள்.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. மற்ற நாய்களையும் மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளக் குட்டியின் மூளை தயாராக இருப்பது ஏறக்குறைய 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரைதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்த ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட நூல் இந்தப் பருவத்தை விரிவாகப் பேசுகிறது. தடுப்பூசித் தவணைகளோ 16-வது வாரம் வரை நீள்கின்றன. ஆக, பழகியே தீர வேண்டிய வாரங்களும் நோய்க்குப் பாதுகாப்பு அரைகுறையாக இருக்கும் வாரங்களும் ஒன்றே. விலங்கு நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008-ல் இதற்கு ஒரு வழி சொன்னது. 7, 8 வார வயதிலேயே பழக்கத் தொடங்கலாம். ஆனால் குறைந்தது ஒரு தவணை ஊசி போட்டு 7 நாள் கடந்திருக்க வேண்டும், முதல் பூச்சி மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். இதில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு ஓடுபவர்கள்தான் அதிகம். அந்தச் சங்கம் பேசுவது, ஊசி போட்ட குட்டிகள் மட்டும் வருகிற, சுத்தம் செய்த உள்ளரங்கத் தரையைப் பற்றி. நம் தெருமுனையைப் பற்றியோ, சென்னையில் அதிகாலை பெசன்ட் நகர் மணலைப் பற்றியோ இல்லை.

அந்தத் தெருமுனையிலும் மணலிலும் என்ன இருக்கிறது? பார்வோ. 1978-ல்தான் இந்த வைரஸை உலகம் அடையாளம் கண்டது. ஓரிரு ஆண்டுகளில் கண்டங்களைத் தாண்டிப் பரவிவிட்டது. நோய்கண்ட நாயின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறி, மலம் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். உங்கள் குட்டி வேறு நாயைப் பார்க்கவே வேண்டாம். நேற்று ஒரு நாய் நின்ற புல்லை முகர்ந்து, தன் பாதத்தை நக்கினால் போதும். 3 முதல் 7 நாளில் சோர்ந்து படுக்கும், சாப்பாட்டைத் தொடாது, வாந்தி எடுக்கும், பிறகு கெட்ட நாற்றத்தோடு ரத்தமாகப் போகும். வைரஸை நேரடியாகக் கொல்ல வழக்கமான மருந்து எதுவும் இல்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, குட்டி தாக்குப்பிடிக்க உதவுவதுதான் சிகிச்சை. அதைத் தொடங்கத் தாமதித்தால், ஒரு கிலோ உடம்பில் இழப்பதற்கு எவ்வளவு நீர் இருக்கிறது? காலையில் வாந்தி எடுத்த குட்டியை "சாயந்தரம் பார்த்துக்கலாம்" என்று விடுவது இந்த அளவுக் குட்டிகளுக்குப் பெரும்பாலும் மரண தண்டனை.

வீட்டுத் தரையைப் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். பினாயிலோ, கைகழுவும் சானிடைசரோ பார்வோவை நம்பகமாகக் கொல்வதில்லை. வீட்டுக்கு வாங்கும் ப்ளீச் திரவத்தை 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, அழுக்கை முதலில் கழுவிவிட்டு, 10 நிமிடம் ஊற விட்டால் சாகும். அதன்பின் நன்றாக அலசிக் காயவிட்டுத்தான் குட்டியை அங்கே விட வேண்டும். இன்னொன்று, நம் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகள். ஊரெல்லாம் மிதித்துவந்த அந்தச் செருப்பைத்தான் குட்டிகள் முதலில் இழுத்துக் கடிக்கின்றன. அவற்றைக் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள். மருத்துவமனையிலும் குட்டியைத் தரையில் இறக்காதீர்கள். நோய்கண்ட நாய்கள் வந்துபோகிற இடமே அதுதான். பையிலோ மடியிலோ இருக்கட்டும்.

"ஒரு ஊசி போட்டாச்சே!" என்பார்கள். இங்கேதான் படித்தவர்கள்கூட ஏமாந்துபோகிறார்கள். தாயின் சீம்பாலில் வரும் எதிர்ப்புச் சக்தி முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கிறது. அதே எதிர்ப்புச் சக்தி, போடுகிற தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் மடக்கிப்போடுகிறது. அது குறைந்துகொண்டே வரும்போது, நோயைத் தடுக்கப் போதாத, ஆனால் ஊசியைத் தடுக்கப் போதுமான ஒரு நிலை வருகிறது. எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது வரும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6, 8 வாரத்தில் தொடங்கி 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் தாண்டும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசித் தவணையைத் தவறவிட்டால், முன்பு போட்ட அத்தனையும் வீணாகியிருக்கலாம். "சின்ன நாய்தானே, பாதி டோஸ் போடுங்க டாக்டர்" என்று கெஞ்சாதீர்கள். தடுப்பூசிக்கு எடைக் கணக்கு கிடையாது. சிறிய இனங்களுக்கு ஊசிக்குப் பிறகு முகம் வீங்குவது, தடிப்பது போன்ற ஒவ்வாமை சற்று அதிகம் வருகிறது என்பது உண்மை. அதற்கு வழி, ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவதுதான்.

வயதிலும் ஏமாற்றுகிறார்கள். 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. ஆனால் ஒரு மாதக் குட்டியை "45 நாள் ஆச்சு" என்று கைமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 45 நாளே விதிப்படி போதாது என்பது வாங்குகிறவருக்கும் தெரிவதில்லை. கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும் அந்த வாரங்களில்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. நாய்களோடு பழகும் முதல் பள்ளிக்கூடத்தையே பிடுங்கிக்கொண்டு விற்கிறார்கள். வாங்காதீர்கள்.

சரி, எப்படித்தான் பழக்குவது? நாயையும் தரையையும் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகட்டும். உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ, தடுப்பூசிப் புத்தகம் சரியாக இருக்கிற, குட்டிகளைப் பொறுத்துப்போகிற வளர்ந்த நாய் ஒன்று இருக்குமா என்று விசாரியுங்கள். அளவில் சிறியதாக இருந்தால் மிக நல்லது. புத்தகத்தைக் கேட்க வெட்கப்படாதீர்கள். "போட்டிருக்கோம்ங்க" என்ற வாய்வார்த்தை போதாது, தேதியைப் பாருங்கள். உண்ணி இல்லையா என்று காதுமடலையும் விரலிடுக்கையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாய். இரண்டு, மூன்று சேர்ந்தால் சாதுவான நாய்கூடத் துரத்த ஆரம்பித்துவிடும், அதிலும் குட்டி கீச்சென்று கத்தி ஓடினால்.

முதலில் தூரத்திலிருந்து பார்க்கட்டும். பெரிய நாயின் கழுத்தில் வார் இருக்கட்டும், ஆனால் இழுத்துப் பிடிக்காமல் தளர்வாக. குட்டிக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னெஸ்தான் சரி. சிறிய இனங்களின் மூச்சுக்குழல் கழுத்து இழுபட்டால் நசுங்கும். நேருக்கு நேர் கொண்டுபோய் முகத்தில் முகத்தை வைக்காதீர்கள். பக்கவாட்டில் வந்து பின்பக்கம் முகர்வதுதான் நாய்களின் மரியாதை. சில விநாடி முகர்ந்ததும் இரண்டையும் கூப்பிட்டுப் பிரித்து, மறுபடி விடுங்கள். குட்டி மட்டும் நுழையக்கூடிய ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று அருகிலேயே இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பெரிய நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். குட்டி தானாக அதனிடம் திரும்பிப் போனால் அதற்குப் பிடித்திருக்கிறது. பெட்டிக்குள் ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான். வாலை வயிற்றுக்குள் மடக்குவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரிவது எல்லாம் "போதும்" என்பதற்கான அறிகுறிகள். "பழகிடும், விடுங்க" என்று மேலே தள்ளினால், நாய் என்றாலே பயம் என்பதைத்தான் அது பழகும்.

பெரிய நாயிடம் கவனிக்க வேண்டியது குரைப்பை இல்லை, அமைதியை. உடம்பு விறைத்து, வாய் மூடி, தலை தாழ்ந்து, கண் அசையாமல் குட்டியையே பின்தொடர்ந்தால், அந்த நாய் அதைக் குட்டியாகப் பார்க்கவில்லை, இரையாகப் பார்க்கிறது. உடனே வெளியே கொண்டுபோங்கள். வளர்த்தவர் எவ்வளவு உத்தரவாதம் கொடுத்தாலும் சரி. அப்படிப்பட்ட நாய் குட்டியைக் கவ்வினால் ஈரத்துணியை உதறுவதுபோல் உதறும். வெளியே இரண்டு சிறு பல்துளைகள்தான் தெரியும். உள்ளே தசை கிழிந்து, விலா முறிந்து, நுரையீரல் நசுங்கியிருக்கும். "லேசாத்தான் பட்டிருக்கு" என்று மஞ்சள் வைத்துப் படுக்கவைத்து, இரவில் இழந்த குட்டிகள் எத்தனையோ. எந்தக் கடியானாலும் அந்த நேரமே மருத்துவமனை. ஷிட்சூ, பக், பெகினீஸ் போன்ற தட்டை முக நாய்களுக்குக் கழுத்தைக் கவ்வி இழுத்ததிலேயே கண்விழி வெளியே வந்துவிடுவது உண்டு. அதை உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, ஓடுங்கள்.

விளையாடி முடித்த குட்டி திடீரென்று தள்ளாடுகிறதா? கண் சொருகுகிறதா, நடுங்குகிறதா? களைப்பு என்று தூங்கவிடாதீர்கள். மிகச் சிறிய குட்டிகளின் உடம்பில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரப் பட்டினியோடு பயமும் ஓட்டமும் சேர்ந்தால் ரத்தச் சர்க்கரை சரிந்து வலிப்புவரை போகும். தேனையோ சர்க்கரைக் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். பழகப் போவதற்கு முன்பு கொஞ்சம் உணவு, மொத்தமே ஐந்து பத்து நிமிட ஆட்டம், பிறகு மறுபடி உணவு, தூக்கம். இதற்கு மேல் அதற்குத் தேவையும் இல்லை.

மற்ற நேரங்களில் கையில் தூக்கிக்கொண்டே உலகத்தைக் காட்டலாம். பால்கனி, மொட்டைமாடி, காருக்குள்ளிருந்து தெரு. நாய்களைத் தூரத்திலிருந்து அமைதியாகப் பார்ப்பதும் பழக்கம்தான். மழைக்காலத் தேங்குதண்ணீர் பக்கம் போகவே வேண்டாம், எலிச் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் வரும். நாய்களை விட்டுப்போகும் காப்பகங்களில் சிறியதையும் பெரியதையும் ஒரே கூடத்தில் அவிழ்த்துவிடுகிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், திரும்பிவிடுங்கள்.

தெரு நாய்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவை தம் இடத்தைக் காக்கின்றன. குட்டி போட்ட தாயும், சோறு வைக்கும் நேரத்துக் கூட்டமும் அந்நியக் குட்டியைப் பொறுக்காது. அந்த நேரத்தில், அந்த வழியில் போகாதீர்கள். எதிரே நாய் வருவதைக் கண்டால் பக்கத்தில் வரும்வரை காத்திருக்காமல், நெஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் கைகொடுத்துக் குட்டியை நிதானமாகத் தூக்குங்கள். திரும்பி நின்று மெல்ல விலகுங்கள். அலறி, கடைசி நொடியில் வெடுக்கென்று தூக்கி ஓடினால் அதுவே துரத்தலைத் தூண்டும்.

ரேபிஸ் தடுப்பூசி குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகுதான் போடுவார்கள். அதற்கு முன் தெரு நாய் கடித்தால் குட்டிக்குப் பாதுகாப்பே இல்லை. அந்தக் குட்டியைத் தூக்கும்போது உங்கள் கையில் பல் பட்டாலும், நகம் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு குட்டியைக் கால்நடை மருத்துவரிடமும், உங்களை மனித மருத்துவரிடமும் அன்றைக்கே காட்டுங்கள். "நம்ம வீட்டுக் குட்டிதானே" என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். வராமல் தடுக்கும் ஊசியோ அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.