பழைய மடிக்கணினியிலும் இசையமைக்கலாம்

தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பாடல் தயாரித்தோம். நான்காவது இசைக்கருவியைச் சேர்த்ததும் என் மடிக்கணினி திணறிவிட்டது. ஒலி விட்டுவிட்டு வந்தது. நிகழ்ச்சிக்கு ஒரு வாரமே இருந்தது. புதுக் கணினி வாங்க வசதியில்லை.

காரணம் எளிது. மென்பொருள் சிந்தசைசரில் ஒலி பதிவாக இருப்பதில்லை. கட்டையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கணினி அதைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. ஒரு சுரத்துக்கு 7 அலைகளை அடுக்கும் ஒலியில் நான்கு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால், ஒரே நேரத்தில் 28 அலைகளைக் கணக்கிட வேண்டும். சேம்பிளருக்கு அந்தச் சுமை இல்லை. பதிவான ஒலியை எடுத்து வாசிப்பதே அதன் முக்கிய வேலை.

எனவே, சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரில் நானே அமைத்த ஒலியைப் பதிவு செய்தேன். 61 கட்டைகளையும் பதிவு செய்யத் தேவையில்லை. கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணி, மூன்றுக்கு ஒன்று போதும். மொத்தம் 21 பதிவுகள். இடையில் உள்ள கட்டைகளுக்கு சேம்பிளர் பக்கத்துப் பதிவைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டும். ஒரு கட்டை தள்ளினால் வேகம் சுமார் 6 விழுக்காடு மாறும். காதுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதிகம் தள்ளினால் ஒலியின் குணமே மாறிவிடும்.

சிடி தரத்தில் 8 விநாடி ஸ்டீரியோ பதிவு ஏறத்தாழ 1.4 எம்பி. 21 பதிவுகளும் சேர்ந்து 30 எம்பிக்குள் அடங்கின. எந்தப் பதிவு எந்தக் கட்டைக்கு என்பதை எஸ்எஃப்இசட் கோப்பில் எழுதினேன். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். சஃபோர்சாண்டோ என்ற இலவச சேம்பிளர் அதை வாசித்தது.

முதல் முயற்சி தோல்விதான். ரிவர்ப்புடன் பதிவு செய்திருந்தேன். நான்கு சுரங்கள் சேர்ந்தபோது நான்கு எதிரொலிகளும் கலந்து குழம்பின. ரிவர்ப்பை அணைத்து, 21 பதிவுகளையும் மீண்டும் எடுத்தேன். பிறகு பாடல் முழுவதற்கும் ஒரே ரிவர்ப்பைச் சேர்த்தேன். ஒலி தெளிந்தது, கணினியும் திணறவில்லை.

இழப்பும் உண்டு. வாசிக்கும்போதே சிந்தசைசரின் குமிழ்களைத் திருகி ஒலியின் அமைப்பை மாற்ற முடியாது. மென்மையாக அழுத்தினாலும் அழுத்தமாக அடித்தாலும் ஒலிப்பது அதே பதிவுதான். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டுமானால் அளவு இரட்டிப்பாகும். அதனால், பதிவு செய்யும் முன்பே இந்தப் பாடலுக்கு என்ன தேவை என்று முடிவு செய்யப் பழகினேன்.

ஓர் எச்சரிக்கை: விலைகொடுத்து வாங்கிய சிந்தசைசரின் ஒலிகளைப் பாடலில் பயன்படுத்துவது வேறு, இப்படிக் கருவியாக மாற்றிப் பிறருக்குக் கொடுப்பது வேறு. பல நிறுவனங்களின் உரிமம் இரண்டாவதை அனுமதிப்பதில்லை. படித்துப் பார்த்துவிட்டுப் பகிருங்கள்.

எங்கள் பாடல் மேடையேறியது. நீங்களும் முயல நினைத்தால், ஒரு பேஸ் ஒலியிலிருந்து தொடங்குங்கள். 24 கட்டைகளுக்கு 8 பதிவுகள் போதும். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.