துருவ ஒளியைத் தூண்டுவது யார்?

நார்வே, ஸ்வீடன், கனடா போன்ற நாடுகளின் வடகோடியில், இரவு வானில் பச்சையும் சிவப்புமாய் ஒளித்திரை அசைந்தாடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இதைத் துருவ ஒளி என்பர். "சூரியனிலிருந்து வரும் மின் துகள்கள் காற்றில் மோதுவதால் ஒளி உண்டாகிறது" என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதி விடைதான்.

சூரியனிலிருந்து வீசும் துகள்களில் ஓர் எலெக்ட்ரானின் ஆற்றல் சுமார் 10 எலெக்ட்ரான்வோல்ட். ஆனால் தரைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரம் வரை இறங்கி வந்து, ஆக்சிஜனைப் பச்சையாக ஒளிரவைக்கும் எலெக்ட்ரானுக்குப் பல ஆயிரம் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால், வழியில் ஏதோ ஒன்று அதைப் பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும்!

செம்புக் கம்பியில் மின்புலமா?

அயனி மண்டலத்திலும் அதற்கு மேலும் உள்ள, மின்னேற்றம் பெற்ற வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். பூமியின் காந்தக் கோடுகள் வழியே அது செம்புக் கம்பியைப் போல மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். நல்ல செம்புக் கம்பியின் இரு முனைகளுக்கிடையே பெரிய மின்னழுத்தம் நிற்காதல்லவா? ஆகவே காந்தக் கோடுகளின் நெடுகே மின்புலம் இருக்க முடியாது என்று பலர் கருதினர். முடியும் என்று 1950களிலேயே வாதாடினார் ஸ்வீடன் விஞ்ஞானி ஹானெஸ் ஆல்வேன். 1970இல் நோபல் பரிசு பெற்றவர் இவர்.

1976இல் அமெரிக்கா ஏவிய எஸ்3-3 செயற்கைக்கோள், துருவ ஒளிப் பகுதிக்கு மேலே பல ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் வலுவான மின்புலங்களைக் கண்டது. ஸ்வீடனின் வைகிங் (1986), ஃப்ரேயா (1992), நாசாவின் ஃபாஸ்ட் (1996) ஆகியவை ஆய்வைத் தொடர்ந்தன. அங்கே சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் இருப்பது தெளிவாயிற்று.

காரணம் இதுதான். அந்த உயரத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான்கள் மிகக் குறைவு. குழாய் குறுகும் இடத்தில் தண்ணீர் வேகமெடுத்தால்தானே அதே அளவு போய்ச் சேரும்? அதுபோல, இருக்கும் சில எலெக்ட்ரான்கள் விரைந்து ஓடினால்தான் மின்னோட்டம் தடைப்படாது. அந்த வேகத்தைத் தருவது மின்புலம்.

ஓடும் பஸ்ஸும் அலையும்

இன்னொரு வழியும் உண்டு. காந்தக் கோடுகளை வீணைத் தந்திகளாக நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டினால் அதிர்வு அவற்றின் வழியே ஓடும். இந்த அலைகளை 1942இல் ஆல்வேன் கணித்தார். அவர் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்ள, பஸ்ஸின் வேகத்துக்கு நாமும் ஓட வேண்டும். அப்படியே, அலைக்கு ஏறக்குறைய ஈடாக ஓடும் எலெக்ட்ரான்கள் மட்டுமே அதனிடமிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. 2021இல் லாஸ் ஏஞ்சலிஸில், சுமார் 20 மீட்டர் நீளக் கலத்தில் பிளாஸ்மாவை உண்டாக்கி, விஞ்ஞானிகள் இதைச் சோதனையிலேயே காட்டிவிட்டனர்.

நமக்கென்ன?

துருவத்தில் நடப்பது நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 1989 மார்ச் 13 அன்று அயனி மண்டல மின்னோட்டங்கள் தாறுமாறாக மாறியதால் கனடாவின் தரையிலும் மின்புலம் தூண்டப்பட்டது. அது மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டத்தைச் செலுத்த, கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஏறக்குறைய 9 மணி நேரம் இருளில் தவித்தனர். 2022 பிப்ரவரியில் காந்தப் புயல் ஒன்று மேல் வளிமண்டலத்தைச் சூடேற்றியது. காற்று விரிந்து மேலே எழும்பியதால் எதிர்ப்பு கூடி, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40 வீணாயின.

2024 மே 10-11 இரவில் வீசிய பெரும் காந்தப் புயலின்போது, லடாக்கின் ஹான்லேயில் உள்ள நம் வானாய்வகக் கேமராக்களிலும் வடக்கு வானின் சிவப்பு ஒளி பதிவாயிற்று. ஆம், இந்திய மண்ணிலிருந்தே! மின்சாரமும் செயற்கைக்கோளும் இன்றி ஒரு நாளும் நகராத நமக்கு, அந்த ஒளி அழகான காட்சி மட்டுமல்ல, எச்சரிக்கையும்கூட.