வெயிலும் தோலும் – 9: சாரல்ல எப்படில கறுத்த?

ஆவணி பிறந்து பத்து நாள் இருக்கும். குற்றாலச் சீசன் முடியப்போகிறதே என்று சென்னையிலிருந்து ஓடிவந்த அக்காள் மகன், காலையில் ஐந்தருவிக் குளியல், மத்தியானம் சுந்தரபாண்டியபுரம் வயக்காட்டில் போட்டோ என்று இரண்டு நாள் சுற்றிவிட்டுத் தென்காசி வீட்டுக்குள் நுழைந்தான். ஆச்சி அவன் தோளைப் பார்த்தாள்.

"ஏல, சாரல்ல நனையப் போனவன் எப்படில இப்படிக் கறுத்துட்டு வந்த? தண்ணி ஒத்துக்கலையோ?"

அருவித் தண்ணி மேனிக்கு நல்லது என்று காலையில் சொல்லி அனுப்பியதும் இதே ஆச்சிதான்.

தண்ணீர் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. கறுக்க வைப்பது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர். சூடு வேறு, அது வேறு. செங்கோட்டைக் கணவாய்க் காற்று மேலே பட்டால் சூடு உறைக்காது. கதிர் பாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கும். கனத்த கருமேகம் என்றால் ஓரளவு தடுக்கும். சாரல் மேகமோ பாதி நேரம் மெல்லிசு. மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை கதிர் வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதில் ஒரு சூரியக் கணக்கும் உண்டு. தென்காசி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 டிகிரியில் இருக்கிறது. வடக்கே போகும் சூரியன் சித்திரை பிறக்கிற சமயம் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். திரும்புகாலில் மறுபடி அதே இடத்துக்கு வருவது ஆகஸ்ட் கடைசியில். சித்திரையில் குடை தேடுகிறோம். ஆவணியில், அதே சூரியனுக்கு அடியில், சட்டையைக் கழற்றிப் பாறையில் போடுகிறோம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டால் வெயில் பிடிக்காது என்று சொல்பவர்கள் உண்டு. உடம்பு அலுப்புக்கு அது சுகம்தான், நானும் முதுகைக் கொடுத்திருக்கிறேன். கதிரைத் தடுக்க எண்ணெயை நம்ப முடியாது. சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். 30 என்பது கன்றவைக்கும் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் காசை இறைப்பவர்கள், பட்டாணி அளவு எடுத்து முகம் கழுத்தெல்லாம் இழுப்பார்கள். அருவியில் நின்று துண்டால் துடைத்தபின் எந்த நம்பரும் மிஞ்சாது, திரும்பப் பூச வேண்டும். நனைந்த வெள்ளைச் சட்டையும் பெரிய காப்பு இல்லை. உலர்ந்த, அடர்ந்த நிறச் சட்டை மேல்.

"கறுத்தவனுக்கு என்னடே, தோலே குடை" என்றார் மாமா. பாதி சரி. பிறவிக் கறுப்புக்கு வெயிலைத் தாங்கும் வலு கூடுதல். வெயிலில் ஏறிய கறுப்பு அப்படியல்ல. செல்லின் மரபணு அடிபட்ட பிறகு தோல் போடும் கூச்சல் அது. அது தரும் காப்பு எஸ்.பி.எஃப். 3, 4-ஐத் தாண்டாது.

வெயிலே படாத இடத்திலும் தோல் புற்று வரும், கறுத்த தோலுக்கும் வரும். உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. 1977-ல் கண்டுபிடித்தார்கள்; 1981-ல், 36 வயதில் இறந்துபோனார்.

இதைச் சொன்னதும் பையன் மெதுவாகக் கால் கட்டைவிரலை நீட்டினான். நகத்தடி கறுப்பு. ஐந்தருவிப் பாறையில் இடித்தானாம். இடித்த ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்துவிடும். நகராமல் நின்றாலோ, அகலமானாலோ, பக்கத்துச் சதைக்கு இறங்கினாலோ தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். கால் நகம் முழுக்க வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றேன். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் காலைத் தன் மடிமேல் இழுத்து வைத்தாள்.