பொலிசார் சென்ற பின்பு

சென்ற தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பில் பேச்சு துப்பறியுங் கதைகளின் பக்கம் திரும்பியது. கொலையாளி அகப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது என்று நாம் சொன்னோம். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கொலையாளியைப் பொலிசார் கொண்டுபோய்விடுவார்கள், பிரேதத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துவிடுவார்கள், நிலத்திலே கிடக்கும் இரத்தத்தைக் கழுவுவது யார்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. விளையாட்டுக்காக அவன் கேட்கவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. அடுத்த கிழமை விடை சொல்வதாகக் கூறி அவனை இருத்தினோம். அன்று தொடங்கி நாம் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். ஒரு மாணவனின் வினாவுக்குரிய விடைதான் எனினும், குடும்பத்தவர் யாவரும் அறிந்திருக்க வேண்டியதும் இதில் உண்டு.

வீட்டார் தலையில் விழுஞ் சுமை

அமெரிக்கா, இங்கிலாந்து, யப்பான் முதலிய நாடுகளிலே பொலிசாரின் கடமை விசாரணையோடு முடிகிறது. படம் பிடிப்பர், கைவிரல் அடையாளம் எடுப்பர், தடயங்களைப் பொதிசெய்து கொண்டு செல்வர். பின்னர் வீட்டின் திறப்பை உரியவரிடம் ஒப்படைப்பர். எஞ்சியதைத் துப்புரவு செய்யும் பொறுப்பு வீட்டுச் சொந்தக்காரரையோ இறந்தவரின் குடும்பத்தாரையோ சார்ந்தது.

இதன் பொருள் யாது? மகனைப் பறிகொடுத்த தாய், அழுத கண்ணீர் காயுமுன்னரே, வாளியுந் துணியுமாக முழந்தாளிட்டு மகனின் இரத்தத்தைத் தானே கழுவ நேரும். மரணம் ஒரு கணத்தில் நிகழ்ந்தது. கழுவிய அந்த ஒரு மணி நேரமோ ஆயுள் முழுவதும் அவளை விட்டகலாது. இந்தக் கொடுமையிலிருந்து வீட்டாரை விடுவிப்பதற்கென்றே ஒரு தொழில் தோன்றியது.

அமெரிக்காவில் 1990களிலே இது தனித்தொழிலாக வளரத் தொடங்கியது. இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்களிலிருந்து தொழிலாளரைக் காக்கும் விதிகளை அந்நாட்டு மத்திய அரசாங்கம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டது. காப்புடை, கையுறை, ஈரலழற்சித் தடுப்பூசி ஆகியவற்றை இலவசமாக வழங்குவது தொழில் கொள்வோரின் கடமை என்று அவ்விதிகள் கூறின. இத்துப்புரவு வேலையைச் செய்வோர் அரசாங்கத்திற் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என 1997ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றியது. குற்றத்துக்கு இலக்கானோரின் குடும்பங்களுக்கு, துப்புரவுச் செலவையும் உதவிநிதியிலிருந்து கொடுக்கும் மாநிலங்களும் அங்கே பல உள.

கண்ணுக்குத் தெரியாத பகை

"இரத்தத்தைக் கழுவுவதற்குச் சட்டமும் பதிவும் எதற்கு? சவர்க்காரமும் தண்ணீரும் போதாவோ?" என்று சிலர் கேட்கலாம். போதா. ஹெப்பற்றைற்றிஸ் 'பீ' எனப்படும் ஈரலழற்சியை உண்டாக்கும் வைரசு, உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் நோய் தரும் வலிமையோடு இருக்கவல்லது. இரத்தம் உலர்ந்துவிட்டது என்பதனால் அபாயம் உலர்ந்துவிடவில்லை. கையிலுள்ள சிறு கீறல் ஒன்றே அதற்குப் போதிய வாயில்.

ஆஸ்பத்திரிகளிலும் ஆய்வுகூடங்களிலும், மூன்று பிறைகளை ஒரு வளையத்திற் கோத்தாற்போன்ற செம்மஞ்சள் நிறச் சின்னம் ஒன்றை வாசகர்கள் கண்டிருத்தல் கூடும். உயிரியல் அபாயத்தைக் குறிக்கும் அச்சின்னத்தை 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டௌ கெமிக்கல் கொம்பனியைச் சேர்ந்த சார்ல்ஸ் போல்ட்வின் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கினர். முன்னர் எப்பொருளையுங் குறிக்காததாயும், ஒருமுறை கண்டால் மறக்க முடியாததாயும் அது இருக்கவேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். பெட்டியைத் தலைகீழாக வைத்தாலும் அடையாளம் தெரியும்படி முப்புறமும் ஒத்த வடிவில் அதனை வரைந்தனர். நாம் கூறும் தொழிலாளர் கட்டி வெளியேற்றும் பைகளிலும் அச்சின்னமே விளங்குகிறது.

வேலை நடைபெறும் முறை

இவ்வேலைக்கு ஓர் ஒழுங்குண்டு. முதலில் அழுக்குற்ற இடம், இடைவழி, சுத்தமான இடம் என வீட்டை மூன்றாக வகுப்பர். அழுக்கிடத்திலிருந்து வருபவர் இடைவழியிலேயே காப்புடையைக் களைந்த பின்னர்தான் வெளியே கால்வைப்பார். உடல் முழுதையும் மூடும் உடை, இரட்டைக் கையுறை, கண்ணாடி, மூச்சுக்கவசம் என்பன அணியாது எவரும் உள்ளே செல்வதில்லை.

அடுத்து, கண்ணாற் காணத்தக்கவற்றை அகற்றுவர். கிருமிகொல்லியை முதலிலே ஊற்றிவிடுதல் அறியாதார் செய்யும் பிழை. குளோரின் சேர்ந்த வெளிற்றுந் திரவம் இரத்தத்தோடு கலந்தவுடன் தன் வலிமையின் பெரும்பகுதியை அதிலேயே இழந்துவிடும். ஆகவே துடைத்து அகற்றிக் கழுவிய பின்னரே மருந்திடல் வேண்டும். மருந்திட்ட பின்னும் உடனே துடைத்துவிடாது, குறித்த நிமிடங்கள் ஈரமாகவே விட்டுவைத்தல் வேண்டும். வெந்நீர் பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் உறைந்து கறை நிலைத்துவிடும் ஆதலால் குளிர்நீரையே கொள்வர். வெளிற்றுந் திரவத்தை அமோனியா சேர்ந்த வேறு திரவத்தோடு கலந்தால் நச்சுவாயு எழும். இவ்வொன்றை எல்லா வீட்டாரும் மனத்திற் கொள்வது நன்று.

மேற்பரப்பைக் கழுவுவதோடு வேலை முடிவதில்லை. பலநாட் கழித்துக் காணப்பட்ட உடலிலிருந்து கசிந்த நீர் மெத்தையை ஊடுருவிப் பலகைத் தளத்தை அடைந்து, அதன் கீழும் இறங்கியிருக்கும். மேலே கறை ஒரு சாண். கீழே அது ஒரு பாயளவாகவும் இருத்தல் கூடும். அத்தகைய இடத்திற் பலகையை அறுத்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அறுத்தெடுத்தவை மருத்துவக் கழிவுகளைப் போலத் தனியே கொண்டு செல்லப்பட்டு அழிக்கப்படுகின்றன. இறுதியாக நாற்றம். அதனைப் போக்க ஓசோன் வாயுவைப் பிறப்பிக்கும் யந்திரத்தை அடைத்த அறையில் வைத்து, ஆட்கள் யாவரும் வெளியேறிவிடுவர்.

யப்பானின் மூடிய கதவுகள்

கொலை நிகழ்ந்த வீடுகளை நினைத்தே மாணவன் வினவினான். ஆயின் இத்தொழிலாளரைப் பெரிதும் அழைப்பவை கொலை நிகழ்ந்த வீடுகள் அல்ல. எவரும் அறியாமல் ஒருவர் தனித்து இறந்த வீடுகளே. இதனை யப்பானைப் போல் தெளிவாகக் காட்டும் நாடு பிறிதில்லை எனலாம். அங்கே இவ்வகை மரணத்துக்கு 'கொதொக்குஷி' என்றே ஒரு பெயர் வழங்குகிறது; தனிமைச் சாவு என்பது அதன் பொருள்.

2024ஆம் ஆண்டில், வீட்டிலே தனித்து வாழ்ந்து இறந்து பொலிசாரின் கணக்கில் வந்தோர் அந்நாட்டில் 76,020 பேர். அவர்களுள் 58,044 பேர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். பெரும்பாலோர் சில நாட்களிற் காணப்பட்டனர் என்பது உண்மையே. ஆயினும், ஒரு மாதத்துக்கு மேற் சென்ற பின்னரே காணப்பட்டோர் ஏறக்குறைய 7,000 பேர். அடுத்த கதவுக்கும் அந்தக் கதவுக்கும் இடையிலே ஒரு சுவர்தான் இருந்தது. எனினும் ஒரு மாதம் யாரும் தட்டவில்லை.

அத்தகைய அறைகளைத் துப்புரவாக்குதலை அங்கு 'விசேட துப்புரவு' என்கின்றனர். மரணம் நேர்ந்த வீடுகளை வாடகைக்கு விடுவோருக்கு 2021ஆம் ஆண்டில் யப்பானிய அரசாங்கம் வகுத்த வழிகாட்டியிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. இயற்கை மரணமாயின் புதுக் குடியிருப்பாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை; விசேட துப்புரவு நடைபெற்றிருப்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வரை சொல்லுதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

துப்புரவோடு இறந்தவரின் பொருட்களைத் தெரிந்து ஒழுங்குசெய்யும் பணியும் அங்கே சேர்ந்துவிட்டது. அதற்கென 'கீப்பர்ஸ்' என்னும் நிறுவனத்தை யோஷிடா தாய்ச்சி என்பவர் 2002ஆம் ஆண்டில் நிறுவினார். இத்தொழிலாளர் பலர் அறையினுள் நுழையுமுன் கைகூப்பி வணங்குகின்றனர். குப்பையென அள்ளிக் கொட்டிவிடாது புகைப்படம், கடிதம், வங்கிப் புத்தகம் என்பவற்றைத் தேடியெடுத்து உறவினரிடம் சேர்க்கின்றனர். அன்போடு பாவித்த பொருட்களுக்குச் சமயச் சடங்கு செய்து வழியனுப்புவதும் உண்டு.

அவர்களுள் கொஜிமா மியு என்னும் இளம்பெண், தாம் துப்புரவாக்கிய அறைகளை ஒத்த சிற்றுருக்களைத் தம் கையாலே செய்து மக்களுக்குக் காட்டியவர். நிறைந்து கிடக்குங் குப்பை, நிலத்திற் படிந்த கறை யாவும் விரலளவிலே அமைந்திருக்கும். அவற்றை உற்று நோக்கும்போது, யாரோ ஒருவரின் அவலமாகத் தோன்றியது நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் அறையாக மாறிவிடுகிறது.

துடக்கும் தொழிலும்

யப்பானியருக்கும் மரணத்தை ஒட்டிய தீட்டு உண்டு, 'கெகாரே' என்பர். இழவு வீட்டுக்குச் சென்று வந்தோர் உப்புத் தூவித் தூய்மை செய்துகொள்வது அவர்தம் வழக்கம். நாம் துடக்கென்று தலைமுழுகுவதைப் போன்றதே அது. பழைய நாளிலே பிணமும் தோலும் தொட்டுத் தொழில் செய்தோரை அந்நாட்டார் இழிகுலத்தாராக ஒதுக்கி வைத்தனர். அவ்வேற்றுமையை 1871ஆம் ஆண்டின் அரசாணை சட்டத்தால் நீக்கியது. மனத்தினின்று நீங்குவதற்கு அதனினும் நெடுங்காலம் சென்றது. இக்கதை நமக்குப் புதியதன்று. செத்தவீட்டிலே சிலருக்கு எனக் குறித்து வைத்த வேலைகளையும், அவ்வேலை செய்தோரை முற்றத்தோடு நிறுத்திய வழக்கத்தையும் நாம் அறிவோம்.

நமக்கு அருவருப்பானதைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு, பின்னர் அதைச் செய்தார் என்பதற்காகவே அவரை இகழ்தல் என்ன நியாயம்? அழுக்கைத் தொட்டவர் அழுக்கானவர் என்பது அறியாமை. முறையறிந்து தொட்டால் அழுக்கு நீங்குகிறது. தொட்டவர் தூயவராகவே வெளியே வருகிறார். நாம் மேலே கூறிய விதிகளும், தடுப்பூசியும், காப்புடையும் இவ்வுண்மையின் மேல் எழுந்தவையே. அத்தொழிலாளருக்கு நாம் கடமைப்பட்டவை இரண்டு: காப்பு ஒன்று, மதிப்பு மற்றொன்று. காப்பைச் சட்டம் தரலாம். மதிப்பை நாமே தரல் வேண்டும்.

அடுத்த கிழமை இவற்றை வகுப்பிலே சொன்னோம். இம்முறை யாருஞ் சிரிக்கவில்லை. வினாவிய மாணவன் மட்டும் மீண்டும் எழுந்து, "அப்படியானால் சேர், கதவைத் தட்ட ஒருவர் இருந்திருந்தால் அந்த அறைகளிற் பலவற்றுக்கு அவர்கள் போகவே வேண்டியிராதே" என்றான். அன்று மாலை வீடு திரும்பும் வழியில், எமது ஒழுங்கையிலே தனித்து வாழும் முதியவரின் படலையைத் தட்டிச் சுகம் விசாரித்தோம். அவர் வியப்போடு எம்மை நோக்கினார். இவ்வளவு காலமும் தட்டாமல் இருந்தோமே என்று எமக்கு வெட்கமாயிருந்தது.