கழுத்து திரும்பட்டுமா, காட்சி திரும்பட்டுமா?

மீனம்பாக்கத்தில் சின்ன செஸ்னா விமானம் ஒன்றைக் கிளப்பி, கடலுக்கு மேல் வந்து வடக்கே திருப்பினால் இடப்பக்கம் வரிசையாக வரும்: சென்னைத் துறைமுகம், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம், அதையும் தாண்டிக் காமராஜர் துறைமுகம். ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர் ராயபுரத்து மாடியறையில் உட்கார்ந்தபடியே இந்தத் தடத்தில் போய்வரலாம். சிக்கல் ஒன்றுதான். பார்க்க வேண்டியதெல்லாம் இடப்பக்கம் இருக்கிறது. மானிட்டர் நேர் எதிரே இருப்பதை மட்டும் காட்டுகிறது.

நம் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி பார்க்கும். 27 அங்குல மானிட்டரை 70 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அது அடைப்பது ஏறக்குறைய 46 டிகிரிதான். மிச்சத்தைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு: ஹெட் டிராக்கிங், விஆர் ஹெட்செட்.

ஹெட் டிராக்கிங்கில் மானிட்டர் அங்கேயே இருக்கும். தொப்பியிலோ ஹெட்போனிலோ மூன்று அகச்சிவப்புப் புள்ளிகள். மானிட்டருக்கு மேல் ஒரு கேமரா. அந்த மூன்று புள்ளிகள் ஒன்றுக்கொன்று எப்படி நகர்கின்றன என்பதை வைத்து, தலை திரும்புவது, சாய்வது, முன்னே வருவது எல்லாவற்றையும் கணினி கணக்கிடும். டிராக்ஐஆர் என்ற கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் ரிச்சி தெருவில் மூன்று அகச்சிவப்பு எல்இடி வாங்கி, பழைய வெப்கேமின் உள்வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கழுவிய ஃபிலிம் நெகட்டிவின் கறுத்த துண்டை அதன் முன் ஒட்டி, ஓப்பன்டிராக் என்ற இலவச மென்பொருளோடு இணைத்துவிடலாம்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தலையை முழுக்கத் திருப்பினால் மானிட்டர் கண்ணிலிருந்து தப்பிவிடும். அதனால் தலை 10, 15 டிகிரி அசைந்தாலே விமானத்துக்குள் காட்சி 90 டிகிரி திரும்பும்படி மென்பொருள் பெருக்கிக் கொடுக்கும். சில நாள் பழகினால் இந்தப் பெருக்கல் உறைப்பதே இல்லை.

விஆரில் திரையே முகத்தோடு மாட்டியிருப்பதால் பெருக்கல் கிடையாது. கழுத்து எவ்வளவு திரும்புகிறதோ காட்சியும் அவ்வளவே திரும்பும். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் என்பதால் காக்பிட் கைக்கெட்டும் தூரத்தில் நிஜமாகவே இருப்பதுபோல் தெரியும். ஆனால் இந்த ஆழ உணர்வு எல்லாத் தூரத்துக்கும் உதவாது. கண்களுக்கு நடுவே இருப்பது ஆறு சென்டிமீட்டர் சொச்சம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைச் சில கிலோமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் இரு கண்ணுக்கும் ஒரே படம்தான். அதன் தூரத்தை அளவையும் நகர்வையும் வைத்துத்தான் மூளை ஊகிக்கிறது. அதனால்தான் தரையை ஒட்டி அந்தரத்தில் நிற்க வேண்டிய ஹெலிகாப்டருக்கு விஆரின் பலன் அதிகம். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2021-இல் முதன்முதலாகச் சான்று அளித்த விஆர் பயிற்சிக் கருவியும் ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கானதே. துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுநரின் வேலையும் இந்த வகைதான். அவர் காலடிக் கண்ணாடி வழியே நேர் கீழே குனிந்து பார்க்கிறார். எதிரே நிற்கும் ஒற்றை மானிட்டரில் அந்தக் குனிதலைப் பழக முடியாது.

விஆருக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கூர்மையான கண் ஒரு டிகிரிக்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். மேலே சொன்ன மானிட்டர் 2560 புள்ளி அகலம் கொண்டதென்றால், டிகிரிக்கு 55 கிடைக்கும். மெட்டா குவெஸ்ட் 3 ஹெட்செட் தருவது 25. கருவிப் பலகையின் சிறிய எண்களைப் படிக்கத் தலையை முன்னே நீட்ட வேண்டியிருக்கும். நொடிக்கு 90 படம் என்றால் ஒவ்வொரு படத்தையும் 11 மில்லி நொடியில் வரைந்து முடிக்க வேண்டும், அதுவும் இரு கண்ணுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு திணறும். விசைப்பலகையும் கையில் வைத்த வரைபடமும் கண்ணுக்கு மறைந்துவிடும். கத்திரி வெயிலில் முகத்தை இறுக்கும் பஞ்சும் ஆவி படியும் லென்சும் தனி அவஸ்தை.

அதோடு குமட்டலும் வரலாம். காசிமேட்டு விசைப்படகின் அறைக்குள் உட்கார்ந்தால் உள்காது ஆட்டத்தை உணரும், கண்ணோ சுவரை அசையாமல் பார்க்கும். விஆரில் இது தலைகீழ்: கண் வளைந்து பறக்கிறது, உள்காதோ நாற்காலி அசையவில்லை என்கிறது. ஹெட் டிராக்கிங்கில் மானிட்டரைச் சுற்றி அறையின் சுவரும் தெரிந்துகொண்டே இருப்பதால் இந்த முரண் குறைவு. விஆருக்குப் புதியவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்தி, மெல்லப் பழகுவது நல்லது.

எனவே, மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி மணிக்கணக்கில் பறப்பவருக்கு ஹெட் டிராக்கிங் போதும். கடற்கரையையும் ஓடுதளத்தையும் கண்ணால் பார்த்துப் பறப்பவருக்கு, ஹெலிகாப்டர் பிரியருக்கு, விஆர்.

நாளைக்கு நிஜ விமானம் ஓட்டப் போகிற மாணவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வீட்டில் பறந்த நேரம் லைசென்சுக்கான கணக்கில் சேராது. உடம்பில் படிந்த பழக்கம் மட்டுமே கூட வரும். இறங்கும்முன் ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து, அதன் தொடக்க முனை தோளுக்குப் பின்னால் சாய்வாகத் தெரியும்போது திரும்ப வேண்டும். அதைப் பார்க்கக் கழுத்து நன்றாகத் திரும்பியாக வேண்டும். பத்து டிகிரியில் எல்லாம் தெரிந்துவிடும் என்று பழகிய கழுத்துக்கு அங்கே சலுகை கிடையாது. அப்படிப்பட்ட மாணவர் கருவிப் பாடங்களை மானிட்டரில் முடித்துக்கொண்டு, ஓடுதளச் சுற்றுக்கு மட்டுமாவது ஹெட்செட்டை மாட்டிக்கொள்வதே சரி.