வியர்வை அறையில் உளவளத்துணை: கதவு திறந்திருக்க வேண்டும்

நீராவி நிறைந்த அறையில் பலர் ஒன்றாக அமர்ந்து வியர்ப்பதையும், அங்கேயே மனக்காயங்களைப் பேசித் தீர்ப்பதையும் ஒரே சிகிச்சையாக்கும் முறை மேற்குலகில் அறிமுகமாகியிருக்கிறது. அதன் ஆபத்தைக் காட்டும் வழக்கும் அங்கேயே நடந்தது. 2009 ஒக்டோபர் 8 அன்று, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனாவுக்கு அருகே, ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற சுயமுன்னேற்றப் பேச்சாளர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரை மூடிய வியர்வைக் குடிலில் அமர்த்தினார். அதற்கு முன் அவர்கள் 36 மணிநேரம் உணவும் நீருமின்றி இருந்தார்கள். மூவர் உயிரிழந்தனர். ஆபத்தை ஏற்பதாக அவர்கள் கையெழுத்திட்டிருந்தும், கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 2011 இல் ரேக்கு இரண்டு ஆண்டுச் சிறை கிடைத்தது. கொல்லும் அளவுக்கு வெப்பம் ஏறியபோதும் பலர் உள்ளேயே இருந்தார்கள். தாங்கிக்கொள்வதே வெற்றி என்று வழிநடத்துபவர் ஊக்கியதும், எழுந்துபோனால் குழு என்ன நினைக்கும் என்ற கூச்சமும் அவர்களைப் பிடித்துவைத்தன.

இம்முறைக்கு ஆதாரம் இல்லையா? உண்டு, ஆனால் மிகச் சிறியது. கோல்மண்ட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் பல்கலைக்கழக மாணவர் சிலரிடம் செய்த சிற்றாய்வு குழு ஒற்றுமை கூடியதாகச் சொல்கிறது. பின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களைத் தொடர்ந்த ஆய்வில், அடிக்கடி சௌனாக் குளியல் எடுத்தோரிடையே இதய நோய் மரணம் குறைவாக இருந்தது. ஆனால் அது குளிர்நாட்டின் உலர்வெப்பக் குளியல். அங்கே யாரும் துயரக்கதை சொல்லவில்லை. இரண்டு ஆய்வுகளையும் ஒட்டவைத்து மனநோய்க்கு மருந்து என்று விற்க முடியாது.

இங்கே, இலங்கையின் கிழக்கில் கல்முனையை அண்டிய கரையோரத்தில், காற்றே ஈரமானது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நீராவி அறையில் அது வழிந்தோடுமேயன்றி ஆவியாகாது. உடல்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி மனம் குழம்பினால் அது உயிராபத்து. இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம், உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் நச்சளவுக்கு ஏறலாம். வேறு சில மனநோய் மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும். ஆக, உளவளத்துணை அதிகம் தேவைப்படுவோரே வெப்பத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள். சோர்ந்த உடலோடு சொன்ன இரகசியம், எல்லோரும் எல்லோருக்கும் உறவான ஊரில், மறுநாள் சந்தைக்கு வந்துவிடவும் கூடும்.

வேது பிடிப்பது நம் வழக்கம்தானே, குருணாகல் மாவட்டத்தின் அரங்கலையில் பண்டைய பிக்குமாரின் வெந்நீராவிக் குளியலறையின் சிதைவு இன்றும் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சளிக்கு வேது பிடிப்பவர் மூச்சுமுட்டினால் போர்வையை விலக்கிவிடலாம். அவரைத் தடுக்க எவருமில்லை. 2004 சுனாமியில் பேரிழப்பைக் கண்ட இந்தக் கரையோரத்தில், வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குப் போக வெட்கப்படுவோர் குளியல் என்றாலாவது வருவார்கள் என்பது இன்னொரு வாதம். வெட்கத்துக்கு மருந்து நம்பிக்கைதான், வெப்பமல்ல. குழுவாகப் பேசுவதற்கு நீராவி தேவையில்லை. குளிக்க விரும்புவோர் முதலில் குளிக்கட்டும். உடல் ஆறி, நீர் குடித்து, உடை மாற்றி, ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வெளியே அமர்ந்து பேசட்டும்.

யாராவது உங்களை அழைத்தால், நடத்துபவரின் பதிவையும் தகைமையையும் கேளுங்கள். ஆயுர்வேதம் என்றால் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். கர்ப்பிணிகள், இதய நோயர், சிறுநீரக நோயர், மனநல மருந்து எடுப்போர் வைத்தியரைக் கேட்காமல் நுழைய வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்பவரை நம்ப வேண்டாம். காரணம் சொல்லாமல் எழுந்துபோவதும், எதையும் பேசாமல் இருப்பதும் உங்கள் உரிமை. பொறுப்புத் துறப்புப் படிவம் எல்லாவற்றையும் மூடிவிடாது: கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்தத்தால் விலக்க 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டம் இடந்தராது. ஒருவர் மயங்கினால் உடனே வெளியே கொண்டுவந்து, உடலை நனைத்து விசிறி, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஏமாற்று விளம்பரத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977, மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கங்களை அழையுங்கள். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் பேசக் கட்டணமில்லை. முதலில் அங்கே செல்லுங்கள்.